உயிர் காக்கும் சுடுகாட்டுப் பூ

ஒரே செடிக்கு இரண்டு பெயர். ஒன்று நித்தியகல்யாணி, மற்றொன்று சுடுகாட்டு மல்லி. முதல் பெயரைக் கேட்டால் மேளச் சத்தம் காதில் விழுகிறது. இரண்டாவதைக் கேட்டால் சங்கு ஊதுகிறது!

வருஷம் முழுவதும் ஓயாமல் பூப்பதால் நித்தியகல்யாணி என்றார்கள். யாரும் தண்ணீர் ஊற்றாமலே மயானக் கரையிலும் கல்லறை ஓரத்திலும் தழைத்து நிற்பதால் சுடுகாட்டு மல்லி என்றார்கள். சில ஊர்களில் இதன் பூவைப் பறித்துச் சாமிக்குப் போடுவார்கள். வேறு சில ஊர்களில் மருமகள் ஆசைப்பட்டு ஒரு செடியைக் கொண்டுவந்து வாசலில் ஊன்றினால், "இதைப் போய் வீட்டிலே வைப்பார்களா?" என்று மாமியார் பிடுங்கி எறிந்துவிடுவார். மலையாளத்தில் இதற்குச் சவம்நாறி என்று ஒரு பெயர் உண்டு. சிங்களத்தில் மினிமல், பிணப்பூ என்பது அதன் பொருள். கடல் தாண்டிப் போயும் இந்தச் செடிக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை!

தாவர நூலார் வைத்த பெயர்தான் வேடிக்கை. இதன் சாஸ்திரப் பெயர் கதராந்தஸ் ரோஸியஸ். 'கதராந்தஸ்' என்ற சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. தூய மலர் என்று அதற்கு அர்த்தம்.

வாசலில் இடம் கிடைக்காத இந்தச் செடியிலிருந்து எடுக்கப்படும் மருந்து, இன்று உலகத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளில் எல்லாம் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. அந்த மருந்துக்கு வேண்டிய இலை தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் மானாவாரிப் புஞ்சைகளில் விளைகிறது. சுடுகாட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் செடி எப்படிப் போயிற்று என்பது, கதை போலத் தோன்றும் நிஜச் சம்பவம்.

மணல் கரையில் பிறந்த செடி

நித்தியகல்யாணி இந்த நாட்டுச் செடி அல்ல. அதன் தாயகம் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இந்து மகா சமுத்திரத்தில் இருக்கும் மடகாஸ்கர் தீவு. வெயில், மணல், உப்புக் காற்று – இந்த மூன்றையும் தாங்கும் வரம் அதற்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது. இரண்டு அல்லது மூன்று அடி உயரம் வளரும் சிறு புதர். பளபளப்பான இலை, நடுவில் வெள்ளை நரம்பு. ஐந்து இதழ்ப் பூ. இளஞ்சிவப்பு ஒரு ஜாதி, தூய வெள்ளை ஒரு ஜாதி, வெள்ளையில் நடுவே சிவப்புப் பொட்டு வைத்தது ஒரு ஜாதி. இலையைக் கிள்ளி வாயில் வைத்தால் கசப்பு தாங்காது. ஆடு மாடுகள் கிட்டே வந்து முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

18-ம் நூற்றாண்டில் மடகாஸ்கரிலிருந்து இதன் விதை பாரிஸ் தோட்டங்களுக்குப் போயிற்று. அங்கிருந்து இங்கிலாந்தில் செல்ஸி மருந்துத் தோட்டத்தில் பிலிப் மில்லர் என்பவரின் கைக்கு வந்தது. 1759-ல் ஸ்வீடன் தேசத்துத் தாவர மேதை லின்னேயஸ் இதற்கு வின்கா ரோஸியா என்று பெயர் சூட்டினார். கதராந்தஸ் என்ற பெயர் பின்னால் வந்தது. ஆனால், மருந்துக்குப் பெயர் வைக்கும்போது பழைய பெயரையே எடுத்துக்கொண்டார்கள். அதை இன்னும் சற்று நேரத்தில் பார்க்கலாம்.

அழகுக்காக ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போன செடி, எங்கெல்லாம் வெயிலும் மணலும் கிடைத்தனவோ அங்கெல்லாம் வேலி தாண்டி ஓடியது. இந்தியாவின் கடற்கரைகள், இலங்கை, பிலிப்பைன்ஸ், மேற்கிந்தியத் தீவுகள் என்று வெப்ப நாடுகள் முழுவதும் தானாகவே குடியேறிவிட்டது. போன பல இடங்களில் நாட்டு வைத்தியர்கள் அதை ஒரே வியாதிக்குக் கொடுத்தார்கள் என்பது ஆச்சரியம். ஜமைக்காவிலும் சரி, பிலிப்பைன்ஸிலும் சரி, தென்னாப்பிரிக்காவிலும் சரி, சர்க்கரை வியாதிக்கு நித்தியகல்யாணி இலைக் கஷாயம்! நம் பக்கத்திலும் பூவையும் இலையையும் நீரிழிவுக்குக் காய்ச்சிக் குடிப்பவர்கள் உண்டு.

தபாலில் வந்த 25 இலைகள்

இப்போது கதை கானடா தேசத்துக்குப் போகிறது. அங்கே நோபிள் என்று ஒரு குடும்பம். (நோபல் பரிசு அல்ல, நோபிள்.) அந்தக் குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவருமே டாக்டர்கள். மூத்தவர் கிளார்க் நோபிள். இளையவர் ராபர்ட் நோபிள்.

மூத்தவருக்கு இளமையில் ஒரு பெரிய ஏமாற்றம் நேர்ந்தது. 1921-ல் டொரான்டோ நகரில் பாண்டிங் என்ற டாக்டர், சர்க்கரை வியாதிக்கு மருந்து தேடும் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவருக்கு உதவியாளராக இரண்டு மாணவர்கள் காத்திருந்தார்கள். ஒருவர் சார்லஸ் பெஸ்ட். மற்றவர் கிளார்க் நோபிள். யார் முதலில் போவது என்று காசு சுண்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள். பெஸ்ட் ஜெயித்தார். பாண்டிங்கும் பெஸ்டும் கண்டுபிடித்ததுதான் இன்சுலின்! உலகம் முழுவதும் அவர்கள் பெயர் பரவிற்று. காசு மறுபக்கம் விழுந்திருந்தால் அந்தப் புகழ் யாருக்குப் போயிருக்குமோ!

முப்பத்தொரு வருஷம் கழித்து, 1952-ல், அதே கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு தபால் உறை வந்தது. உள்ளே 25 இலைகள். இன்சுலின் கிடைக்காத ஏழை ஜனங்கள் இந்த இலையைத் தேயிலை போலக் காய்ச்சிக் குடிக்கிறார்கள், சர்க்கரை வியாதிக்குக் குணம் தெரிகிறது என்பது அதோடு வந்த செய்தி. கிளார்க் அப்போது ஆராய்ச்சி வேலையில் இல்லை. உறையை அப்படியே தம்பிக்கு அனுப்பிவிட்டார்.

தம்பி ராபர்ட், கானடாவின் மேற்கு ஒன்டாரியோ சர்வகலாசாலையில் கோலிப் மருத்துவ ஆராய்ச்சிசாலையில் இருந்தார். அந்த ஊருக்கும் லண்டன் என்றுதான் பெயர். தேம்ஸ் என்று ஒரு நதிகூட அங்கே ஓடுகிறது! அங்கே இலையைச் சாறெடுத்து எலிகளுக்குப் புகட்டினார்கள். இரத்தத்தில் சர்க்கரை குறைகிறதா என்று பார்த்தார்கள். குறையவில்லை. முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் சொல்லும்படியான பலன் இல்லை.

மற்றவராக இருந்தால் உறையைக் குப்பைக் கூடையில் போட்டிருப்பார்கள். ராபர்ட் நோபிள் கடைசியாக ஒன்று செய்து பார்த்தார். வாயால் புகட்டுவதற்குப் பதிலாகச் சாற்றை ஊசி மூலம் ஏற்றினார். ஒரு வாரத்துக்குள் எலிகள் செத்து விழுந்தன.

எலிகள் ஏன் செத்தன?

விஷம் என்று முடிவு கட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். செத்த எலிகளை அறுத்துப் பார்த்தபோது, அவை விஷத்தால் நேரே சாகவில்லை, கிருமி தொற்றிச் செத்திருக்கின்றன என்று தெரிந்தது. ஆராய்ச்சிசாலை எலிகளின் உடம்பில் சாதாரணமாக இருந்துகொண்டே ஒன்றும் செய்யாத கிருமிதான் அது. அதை அடக்கி வைத்திருந்த காவல்காரர்களைக் காணவில்லை. இரத்தத்தில் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்திருந்தன! அவற்றை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜை வெறிச்சோடிக் கிடந்தது.

இந்த இடத்தில்தான் ராபர்ட் நோபிளின் மூளை வேலை செய்தது. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? வெள்ளணுக்களை அழிக்கும் சரக்கு ஒன்று இந்த இலையில் இருக்குமானால், அதை அந்த நோய்க்கு மருந்தாக்க முடியாதா? சர்க்கரையைத் தேடிப் போனவர் இரத்தத்தில் போய் நின்றார்.

1954-ல் சார்லஸ் பீர் என்ற ரசாயன நிபுணர் அவரோடு வந்து சேர்ந்தார். இலையில் இருப்பது ஒரு சரக்கா, இரண்டு சரக்கா? நூற்றுக்கும் மேற்பட்ட காரச் சத்துகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. அதில் வெள்ளணுவைத் தாக்குவது எது? வைக்கோற்போரில் ஊசி தேடும் வேலைதான். பீர் அதை வடித்தெடுத்துப் பளிங்காகக் கொடுத்தார். செடியின் பழைய பெயரான 'வின்கா'வை வைத்து வின்பிளாஸ்டின் என்ற பெயர் அதற்கு நிலைத்தது. 1958-ல் நியூயார்க்கில் கூடிய விஞ்ஞானிகளுக்கு இந்தச் செய்தியை வெளியிட்டார்கள். அவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, மருந்து தேடுவதில் தற்செயலாகக் கண்ணில் படுபவைகளுக்கு உள்ள பங்கு என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். தற்செயலாக நேர்ந்ததைத் தன் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ளும் உலகத்தில் இது அபூர்வமான குணம் அல்லவா?

அதே சமயத்தில் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் எலி லில்லி என்ற மருந்துக் கம்பெனியிலும் இதே செடியை அரைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கார்டன் ஸ்வோபோடா என்பவர், பிலிப்பைன்ஸில் சர்க்கரை வியாதிக்கு இதைக் கொடுக்கிறார்கள் என்ற தகவலை வைத்துத்தான் செடியைப் பரீட்சைக்கு எடுத்திருந்தார். இரத்தப் புற்றுநோய் கண்ட சுண்டெலிகளுக்குச் சாற்றை ஏற்றியபோது அவை கூடுதல் நாள் உயிரோடிருந்தன. இரண்டு கூட்டத்தாரும் கைகோத்துக்கொண்டார்கள். ஸ்வோபோடா இலையிலிருந்து இன்னொரு சரக்கையும் பிரித்தார். அதுதான் வின்கிரிஸ்டின். 1963-ல் அமெரிக்க அரசாங்கம் அதை விற்பனைக்கு அனுமதித்தது.

வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் ஒரு வயிற்றில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. மூலக்கூற்றின் ஒரு முனையில் மிகச் சிறிய மாற்றம்தான் வித்தியாசம். ஆனால், குணம் வேறு. ஒன்று எலும்பு மஜ்ஜையைக் கடிக்கும். மற்றொன்று நரம்பைக் கடிக்கும்.

குழந்தைகள் வார்டில்

இந்த மருந்து வருவதற்கு முன் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நன்றாக ஓடி விளையாடிய பிள்ளை திடீரென்று சோர்ந்துபோகும். முகம் வெளுக்கும்; காய்ச்சல் விடாது; உடம்பில் காரணமில்லாமல் நீலத் திட்டுகள் தோன்றும். டாக்டர் இரத்தத்தைப் பார்த்துவிட்டுத் தகப்பனாரைத் தனியே கூப்பிட்டுப் பேசுவார். சில மாதங்களில் எல்லாம் முடிந்துவிடும். 1947, 48-ல் பாஸ்டன் நகரில் டாக்டர் சிட்னி பார்பர் ஒரு மருந்து கொடுத்து நோயைக் கொஞ்ச காலம் பின்வாங்க வைத்தார். ஆனால், போன நோய் திரும்பி வந்தது.

வின்கிரிஸ்டினைப் பிரட்னிசோலோன் போன்ற மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, பத்துக் குழந்தைகளில் எட்டு ஒன்பது பேருக்கு முதல் கட்டத்திலேயே நோய் அடங்கிற்று. 1962-ல் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரில் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் ஆஸ்பத்திரியில் டாக்டர் டொனால்ட் பிங்கல், பல மருந்துகளை வரிசையாகவும் ஒருசேரவும் கொடுத்து, திரும்பி வரும் நோயையும் தடுக்கும் முறையை வகுத்தார். இன்று வசதியுள்ள நாடுகளில் இந்த நோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைக்கிறார்கள். அந்த மருந்து வரிசையில் வின்கிரிஸ்டினுக்கு இன்றும் இடம் உண்டு. நிணநீர்க் கட்டிப் புற்றுநோயில் வின்பிளாஸ்டினும் உதவுகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன.

உடம்புக்குள் போய் இது என்னதான் செய்கிறது? ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதன் உள்ளே மெல்லிய நூல்கள் உண்டாகி, பரம்பரைக் குணத்தைத் தாங்கும் குரோமோசோம்களை இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும். தறியில் பாவு நூல் கட்டுவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். நித்தியகல்யாணி மருந்து அந்த நூலைச் சேரவிடாமல் செய்துவிடுகிறது. பாவு இல்லாமல் தறி என்ன செய்யும்? பிரியப் புறப்பட்ட அணு பாதியில் நின்று மடிகிறது. புற்றுநோய் அணு ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பதால் அதிகமாக அடிபடுகிறது. மஜ்ஜை அணுவும் அடிக்கடி பிரிவதால் அதற்கும் அடி விழுகிறது. நரம்புக்குள்ளும் இதே மாதிரி நூல்கள் உண்டு. அதனால்தான் வின்கிரிஸ்டின் ஏறும் குழந்தைக்கு விரல் நுனி மரத்துப்போகிறது, மலச்சிக்கல் வருகிறது, சில சமயம் பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் தளர்கிறது.

எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும் என்பதற்கு ஒரு விஷயம் போதும். ஒரு தடவைக்கு ஏற்றும் வின்கிரிஸ்டின், வளர்ந்த மனிதருக்கே பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை. ஒரு சிறு கடுகின் எடை! அதையும் இரத்தக் குழாயில்தான் ஏற்ற வேண்டும். கை தவறி முதுகுத் தண்டில் ஏற்றிவிட்டால் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட விபத்துகள் பல நாடுகளில் நடந்ததால், 2007-ல் உலக சுகாதார ஸ்தாபனம் எல்லா நாடுகளுக்கும் எச்சரிக்கை விடுத்தது. ஊசிக் குழலில் தராமல், சிறு பையில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றும்படி அதில் யோசனை சொல்லப்பட்டது.

கஷாயம் வேண்டாம்!

இவ்வளவையும் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "வேலி ஓரத்தில் நிற்கும் செடிதானே, நாமே அரைத்துக் குடித்தால் என்ன?" என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்றால், யாரோ சொன்னார்கள் என்று பத்து இலையைப் பறித்து விழுதாக அரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

இதில் பிரயோஜனம் இல்லை என்பதோடு அபாயமும் உண்டு. ஒரு டன் காய்ந்த இலையில் வின்கிரிஸ்டின் சில கிராம்தான் கிடைக்கும். பத்து இலையில் இருப்பது கணக்கில் சேராது. அது வயிற்று வழியாகப் போய் நோயைத் தொடுவதும் இல்லை. எலிகளுக்குச் சாற்றைப் புகட்டியபோது ஒன்றும் நேராமல், ஊசியில் ஏற்றியபோதுதானே வெள்ளணு குறைந்தது? ஆனால், இலையில் இருக்கும் மற்ற நூறு சத்துகள் சும்மா இருக்காது. குமட்டல், வாந்தி, இரத்த அழுத்தம் இறங்குதல் என்று தங்கள் வேலையைக் காட்டும். எந்தச் செடியில் எந்தப் பருவத்தில் எது எவ்வளவு இருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

சர்க்கரை வியாதிக்காரர்கள் விஷயமும் இதே மாதிரிதான். கானடாவில் பலன் தெரியாவிட்டாலும், பிற்காலத்தில் வேறு சில ஆராய்ச்சிசாலைகளில் இந்த இலைச் சாறு மிருகங்களின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது. அதனால், பாட்டன் பூட்டன் சொன்னது முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால், இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர், டாக்டரிடம் சொல்லாமல் மேலே இதையும் குடித்தால் சர்க்கரை தாறுமாறாக இறங்கி மயக்கம் போட நேரிடலாம். கர்ப்பிணிகள் இந்தப் பக்கமே போகக் கூடாது; பிரியும் அணுவைத் தடுக்கும் சரக்கு வளரும் சிசுவுக்கு என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. சித்த வைத்தியத்தில் இதை முறைப்படி அறிந்தவர், ஆளைப் பார்த்து அளவறிந்து கொடுப்பது வேறு. அடுத்த வீட்டுக்காரர் சொல்லி அரைத்துக் குடிப்பது வேறு.

வீட்டுத் தோட்டத்தில் அழகுக்கு வைக்கத் தடையே இல்லை. சிறு குழந்தைகள் இலையை வாயில் போடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

புஞ்சையில் ஒரு வருஷம்

செடியை மருந்துக்காக வளர்ப்பது தனி விவசாயம். தமிழ்நாட்டில் ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் மழையை நம்பிய நிலங்களில் இது பயிராகிறது. மற்றப் பயிர் முகம் சுளிக்கும் இடத்திலும் நித்தியகல்யாணி நிற்கும். மணல் கலந்த மண் மிகவும் பிடிக்கும். அதற்குப் பிடிக்காதது ஒன்றுதான்: காலடியில் தேங்கும் தண்ணீர். இரண்டு நாள் தண்ணீர் கட்டிவிட்டால் வேர் அழுகிச் செடி சாய்ந்துவிடும்.

விதை கடுகைவிடச் சிறியது; கறுப்பு நிறம். பூ உதிர்ந்த இடத்தில் ஜோடி ஜோடியாகக் காய் பிடிக்கும். முற்றியதும் வெடித்து விதை சிதறிவிடும் என்பதால், காய் மஞ்சளாகத் திரும்பும்போதே கண்காணித்துப் பறிக்க வேண்டும். விதை பழசானால் முளைப்புக் குறையும். நேரே விதைப்பதானால் ஏக்கருக்கு ஒரு கிலோ போதும். அவ்வளவு சிறிய விதையைக் கையால் சீராகத் தூவ முடியாது. ஆகையால், பத்துப் பங்கு மணலோடு கலந்து தூவுகிறார்கள். மேலே மண்ணை மெல்லியதாக மூடிவிட வேண்டும். இருட்டில்தான் இது நன்றாக முளைக்கும். நாற்றுவிட்டு நடுவதானால் விதைச் செலவு இன்னும் குறைவு. இரண்டு மாத நாற்றை வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓர் அடி என்று நடுகிறார்கள்.

பிறகு இரண்டு களை. ஆடு மாடு வாய் வைக்காததால் வேலிச் செலவு மிச்சம். நோய் என்று பார்த்தால், மழைக் காலத்தில் நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும் நோய் ஒன்று. இலைகள் சிறுத்துக் குத்துக் குத்தாகிப் பூக்காமல் நிற்கும் சிற்றிலை நோய் மற்றொன்று. சிற்றிலை கண்ட செடியைப் பிடுங்கி எரிப்பதுதான் வழி. லக்னோவில் இருக்கும் மத்திய மருந்துச் செடி ஆராய்ச்சி நிலையத்தார் நிர்மல், தவல் என்று வெள்ளைப் பூ ரகங்களை வெளியிட்டிருக்கிறார்கள்.

மருந்துப் பயிரில் பணம் எதில் இருக்கிறது என்று தெரிந்து அறுப்பதுதான் சாமர்த்தியம். நித்தியகல்யாணியில் இலைக்கு ஒரு சந்தை, வேருக்கு வேறொரு சந்தை. இலை புற்றுநோய் மருந்துக்குப் போகிறது. வேரில் அஜ்மலிசின் என்ற சத்து இருக்கிறது. அது இரத்த ஓட்டம், இரத்த அழுத்தம் சம்பந்தமான மருந்துக்கு. (இந்தப் பெயருக்குள் டில்லியின் புகழ்பெற்ற யூனானி வைத்தியர் ஹக்கீம் அஜ்மல் கான் ஒளிந்திருக்கிறார். சர்ப்பகந்தி வேரை ஆராய்ந்த ரசாயன அறிஞர் சலிமுஸ்ஸமான் சித்திக்கி, தாம் கண்ட சத்துகளுக்கு அவர் பெயரை வைத்தார்.)

இலை பறிப்பு ஆறாம் மாதத்தில் ஒரு தடவை, ஒன்பதாம் மாதத்தில் ஒரு தடவை. ஒரு வருஷம் ஆனதும் செடியைத் தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் அறுத்து, மிச்ச இலையையும் உதிர்க்கிறார்கள். இலையை நிழலில் உலர்த்த வேண்டும். அப்புறம் நிலத்தை நனைத்து, ஆழ உழுது வேரைப் பொறுக்கி, கழுவிக் காயவைக்கிறார்கள். மானாவாரியில் நல்ல விளைச்சல் என்றால் ஏக்கருக்குச் சுமார் 800 கிலோ காய்ந்த இலையும் 300 கிலோ வேரும் கிடைக்கும். தண்ணீர் பாய்ச்சினால் ஏறக்குறைய இரட்டிப்பு.

கேட்பதற்கு இலகுவாக இருக்கிறது. ஆனால், நெல்லையோ பருத்தியையோ போல இதைச் சந்தையில் கொண்டுபோய்க் கொட்ட முடியாது. வாங்குகிறவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். அவர்கள் இந்த வருஷம் போதும் என்று சொல்லிவிட்டால், மூட்டை வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கும். ஆகையால், விதைப்பதற்கு முன்னாலேயே வாங்குபவர் யார், இலையா வேரா, என்ன விலை என்பதை எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளாமல் இதில் இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

யாருக்குச் சேர வேண்டியது?

இந்த மருந்தால் கம்பெனி பெரும் லாபம் கண்டது. செடியின் தாயகமான மடகாஸ்கருக்கு என்ன கிடைத்தது? தென் கரையிலிருந்து வேரும் இலையும் மூட்டை கட்டி ஏற்றுமதியாயின. அந்தக் கூலியைத் தவிர லாபத்தில் பங்கு எதுவும் போகவில்லை. ஏழை நாட்டின் செல்வத்தைப் பணக்கார நாடு எடுத்துக்கொண்டதற்கு நித்தியகல்யாணியையே உலகம் முழுவதும் உதாரணம் காட்டுகிறார்கள்.

வழக்கு அவ்வளவு நேராகவும் இல்லை. கானடாவுக்கு வந்த இலை மடகாஸ்கர் இலை அல்ல, ஜமைக்கா இலை. இண்டியானாபோலிஸில் நம்பியது பிலிப்பைன்ஸ்காரர்களின் வழக்கத்தை. செடியோ இருநூறு வருஷமாக எல்லா வெப்ப நாட்டிலும் வேலி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் எவரும் அதைப் புற்றுநோய்க்குக் கொடுக்கவில்லை, சர்க்கரைக்குத்தான் கொடுத்தார்கள். ஆனாலும், அந்தக் கஷாயம் இல்லாவிட்டால் அந்த 25 இலைகள் தபாலில் போயிருக்காது என்பதை யார் மறுக்க முடியும்? 1992-ல் ஏற்பட்ட உலக உயிரினப் பன்மை ஒப்பந்தம், ஒரு நாட்டுச் செடியை எடுப்பவர் லாபத்தில் அந்த நாட்டுக்குப் பங்கு தர வேண்டும் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டது. நித்தியகல்யாணிக்கு அது முப்பது வருஷம் தாமதம்.

மருந்தின் உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்று இந்தியக் கம்பெனிகளும் தயாரிக்கின்றன. விலையும் மற்றப் புற்றுநோய் மருந்துகளோடு பார்த்தால் மலிவு. மலிவிலும் ஒரு தொல்லை உண்டு. லாபம் குறைந்த மருந்தைத் தயாரிக்கப் பலருக்கு மனம் வருவதில்லை. 2019-ல் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டினுக்குத் தட்டுப்பாடு வந்தது. தயாரித்துவந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்று நிறுத்திவிட்டது. மற்றொன்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. உலகத்திலேயே பணக்கார நாட்டின் குழந்தைகள் ஆஸ்பத்திரியில், இருக்கும் மருந்தை எந்தக் குழந்தைக்கு முதலில் கொடுப்பது என்று டாக்டர்கள் கலங்கி நின்றார்கள்.

செடியை நம்பாமலே மருந்தைச் செய்ய முடியுமா என்ற முயற்சியும் நடக்கிறது. 2022-ல் விஞ்ஞானிகள், ரொட்டி புளிக்க வைக்கும் ஈஸ்ட்டுக்குள் நித்தியகல்யாணியின் மரபணுக்களைப் புகுத்தி, வின்பிளாஸ்டினுக்கு மூலமான இரண்டு சத்துகளையும் அதற்குள்ளேயே உண்டாக்கிக் காட்டினார்கள். கிடைத்தது மிகமிகச் சொற்பம். தொட்டி தொட்டியாக விளைவிக்கும் காலம் வந்தால் குழந்தைகள் வார்டுக்குத் தட்டுப்பாட்டுக் கவலை குறையும். ராமநாதபுரத்துப் புஞ்சைக்காரர் வேறு பயிர் தேட வேண்டியிருக்கும். இன்றைக்கு மருந்துக்கு ஆதாரம், நிழலில் உலர்த்தி மூட்டை கட்டிய அந்தக் கசப்பு இலைதான்.